மாலையில் வருகிறவன்

மரியசெல்வி தன் கணவனைப் பொய்யன் என்று முடிவு கட்டியது 1971ஆம் ஆண்டின் கடைசியில். அந்த முடிவை அவள் யாரிடமும் சொல்லவில்லை, அவனிடமும் சொல்லவில்லை. ஒரு மனிதனைப் பற்றி மனதுக்குள் இப்படி ஒரு தீர்ப்பை எழுதி வைத்துக்கொண்டு அவனுக்குச் சோறு போடுவதும் அவன் சட்டையைத் துவைப்பதும் பெரிய காரியமில்லை. பல வீடுகளில் அப்படித்தான் நடக்கிறது.

அவள் பிறந்தது கீழவைப்பாரில். கன்னியர் நடத்திய பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்துவிட்டு, இருபது வயதில் தூத்துக்குடிக்கு வாக்கப்பட்டு வந்தாள். கணவன் அம்புரோஸ் சங்கு குளிக்கிறவன். விடியுமுன் வள்ளத்தில் போவான். காலில் அலுமினியத் தகட்டைக் கட்டிக்கொண்டு, எட்டுப் பாகம் ஒன்பது பாகம் ஆழத்தில் மூச்சைப் பிடித்து இறங்கி, மணலில் கிடக்கிற சங்கைப் பொறுக்கி இடுப்பு வலைப்பையில் போட்டுக்கொண்டு மேலே வருவான். மதியம் இரண்டு மணிக்கு வள்ளம் கரை பிடிக்கும். அவளுக்குச் சங்கைச் சேர்த்துவைக்கிற கிட்டங்கியில் வேலை. சதை அழுகிய சங்கைத் தண்ணீரில் அலசி, கம்பியால் குடைந்து, வெயிலில் பரப்ப வேண்டும். அந்த நாற்றம் முதல் மாதம் மூக்கில் இருக்கும். பிறகு சேலையில் மட்டும் இருக்கும்.

அவர்களுக்கு ஒரு பிள்ளை பிறந்தது. தொம்மை என்று பேர் வைத்தார்கள். எட்டு மாதம் இருந்தான். 1969இல் கச்சான் காற்று மணலை வாரி அடித்துக்கொண்டிருந்த மாதத்தில், தம்பி கலியாணத்துக்காக மரியசெல்வி அவனைக் கீழவைப்பாருக்குத் தூக்கிக்கொண்டு போனாள். போன மூன்றாம் நாள் பிள்ளைக்கு நெஞ்சு இரைத்தது. ஆறாம் நாள் போய்விட்டான். அதன் பிறகு பிள்ளை இல்லை.

இரண்டு வருசம் கழித்து, செப்டம்பரில், சாராயக்கடைகள் திறந்தன. அதற்கு முன்பு மதுவிலக்கு இருந்தது. உடைமரக் காட்டுக்குள் திருட்டுத்தனமாகக் காய்ச்சியதை மாதம் ஒருமுறை நாலு பேரோடு குடித்துவிட்டு வருவான் அம்புரோஸ், வந்ததும் படுத்துவிடுவான். கடை வந்த பிறகு தினமும் என்று ஆயிற்று. வள்ளத்துறைக்கும் அவர்கள் தெருவுக்கும் நடுவில்தான் கடை. ஐந்து மணிக்குப் போவான், விளக்கு வைக்கிற நேரத்துக்கு வருவான். அடிக்கவோ கத்தவோ மாட்டான். குசினி வாசலில் உட்கார்ந்து, ஊர் சேதி சொல்கிறவன் குரலில் சொல்லுவான்:

"காத்துல தூக்கிட்டுப் போயி எம் பிள்ளயக் கொன்னவதானே நீ."

சொல்லிவிட்டுச் சாப்பிடுவான். அதே வார்த்தைதான் எப்போதும். கூடவும் இராது, குறையவும் இராது.

முதல் தடவை அவள் மறுநாள் காலையில் கேட்டாள். "நேத்து அப்படிச் சொன்னீரே, அது நியாயமா?"

"எப்படி?"

அவள் சொன்னாள். அவன் கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டான். "நானா? அப்படிச் சொல்லுவனாளா? மாதா மேல சத்தியமாச் சொல்லுதேன், நான் சொல்லல."

மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் மாதாவின் மேல் சத்தியம் செய்தான். நாலாவது முறை அவள் கேட்கவில்லை. தீர்ப்பு அன்றைக்குத்தான் எழுதப்பட்டது. அதில் அவளைக் குறை சொல்ல இடமில்லை. குடித்ததில் மறந்துவிட்டேன் என்பது உலகத்திலேயே மலிவான சாக்கு. எந்த மனைவியும் அதை ஒன்றுக்குப் பாதியாகத்தான் எடுத்துக்கொள்வாள்.

அவர்கள் தெருவில் மூன்று வருசத்துக்கு ஒருமுறை பெரிய வெள்ளியன்று பாஸ்கு நாடகம் போடுவது வழக்கம். சேசுநாதரின் பாடுகளை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை பாட்டும் வசனமுமாக நடித்துக்காட்டுவார்கள். பாடம் சொல்லிக்கொடுக்கிற அண்ணாவி ஜேசுபாதம்; பகலில் தையல்காரர். 1973ஆம் வருசத்து நாடகத்தில் சேசு வேசத்துக்கு அவர் அம்புரோசைப் பிடித்தார். பக்தியைப் பார்த்துப் பிடிக்கவில்லை. முத்துக்குளிக்கவும் சங்குகுளிக்கவும் இறங்குகிறவனுக்கு மூச்சு நீளம். ஒரு முழு அடியை நடுவில் உடைக்காமல் பாடிவிடுவான் என்ற கணக்குத்தான்.

சேசு வேசம் கட்டுகிறவனுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. விபூதி புதன் தொடங்கிப் பெரிய வெள்ளி முடிகிறவரை குடிக்கக் கூடாது, இறைச்சி தின்னக் கூடாது, முகம் மழிக்கக் கூடாது, வீட்டில் படுக்கக் கூடாது. கோயில் சாமியார் முன்னால் பாடுபட்ட சுரூபத்தில், சிலுவையில் தொங்கும் சேசு உருவத்தில், கைவைத்து நேர்ச்சை செய்ய வேண்டும். மற்ற வேசக்காரர்களுக்கு அந்தக் கட்டு இல்லை.

முந்தின நாடகங்கள் எல்லாம் மதுவிலக்குக் காலத்தில் நடந்தவை. ஆகவே ஒத்திகைக்கு யாரும் குடித்துவிட்டு வந்ததில்லை, வந்தாலும் ஒருவர் இருவர். இந்தத் தடவை ஒத்திகை நடக்கிற வலைக்கொட்டகையிலிருந்து கூப்பிடு தூரத்தில் கடை இருந்தது. சனவரி தொடக்கத்தில், மூன்று ராசாக்கள் திருநாள் முடிந்த மறுநாள் ஒத்திகை தொடங்கியது. ஆறு மணிக்கு எல்லோரும் ஒரு சுற்று முடித்துவிட்டுத்தான் வருவார்கள். கொட்டகைக்குள்ளும் ஒரு குப்பி வரும். "தொண்ட காஞ்சா ராகம் எப்படிலே வரும்?" என்று அண்ணாவியே கேட்பார். இரண்டு மாதமும் அப்படியே போயிற்று. அம்புரோசுக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். அண்ணாவி பாட, அவன் திருப்பிப் பாட, மார்ச் மாதம் பிறக்கும்போது நாற்பத்திரண்டு பாட்டும் அவன் நெஞ்சில் ஏறியிருந்தன.

கழுதை வருகிற காட்சிக்கு மட்டும் ஒத்திகை வேறு நேரத்தில் நடந்தது. கழுதை சலவைக்கார மாடக்கண்ணுவுடையது. பகலெல்லாம் பொதி சுமந்த கழுதையைச் சாயங்காலம் குடிகாரர்கள் கையில் கொடுக்க மாட்டேன் என்று அவன் சொல்லிவிட்டான். ஆகவே சேசு எருசலேமுக்குள் நுழைவதை நாலு ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்ததும், கோயில் வளவில் வைத்துப் பழகினார்கள்.

மரியசெல்விக்கு நாடகத்தில் அக்கறை இருந்ததென்று சொல்ல முடியாது. நேர்ச்சை நாட்களில்தான் அக்கறை. நாற்பது நாளும் சொச்சமும் அந்த வார்த்தை தன் குசினி வாசலுக்கு வராது. அதற்கப்புறம் என்ன என்று அவள் யோசிக்கவில்லை.

மார்ச் ஏழாம் தேதி விபூதி புதன். நெற்றியில் சாம்பலோடு அம்புரோஸ் நேர்ச்சை செய்தான். பாயையும் தலையணையையும் வலைக்கொட்டகைக்கு எடுத்துப் போனான். மறுநாள் ஒத்திகை. வேச உடுப்புத் தைக்கிற பெண்களோடு மரியசெல்வியும் ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

அண்ணாவி ஆர்மோனியத்தில் சுருதி கொடுத்தார். அம்புரோஸ் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை.

"என்னவே, ஆரம்பியும்."

"எங்கன இருந்து?"

"எங்கனயா? பூங்காவனத்துல இருந்துதான். பிதாவக் கூப்பிடும்."

"முத அடிய எடுத்துக் குடும் அண்ணாவி."

துன்பக் கிண்ணத்தை விலக்கும் என்று பிடிபடுகிற இரவில் சேசு பிதாவிடம் மன்றாடுகிற பாட்டு அது. அண்ணாவி முதல் அடியை எடுத்துக் கொடுத்தார். அதை அவன் பாடினான். அடுத்த அடியும் வந்தது. மூன்றாவது அடியில் கிணற்றுக்குள் வாளியை விட்டவன் கயிறு அறுந்ததைப் பார்க்கிறது போல நின்றான்.

யூதாஸ் வேசக்காரன் மனுவேல், முழுப் போதையில், பின்னாலிருந்து கத்தினான். "கிண்ணத்த விலக்கும் விலக்கும்னு ரெண்டு மாசமா நீருதான பாடுனீரு? பிதா விலக்கிட்டாரு. பாட்டும் கூடவே போச்சி பாரும்!"

கொட்டகையே சிரித்தது. அம்புரோசும் சிரித்தான். மறுநாளும் அதே கதைதான் என்றானபோது யாரும் சிரிக்கவில்லை. திங்கட்கிழமைக்குள் தெருவில் பல காரணங்கள் உலவின. வடக்குத் தெருக்காரன் யாரோ செய்வினை வைத்துவிட்டான். இறைச்சி விட்டதில் மூளை காய்ந்துவிட்டது. சேசு வேசம் கட்டுகிற தகுதி அவனுக்கு இல்லை என்று மாதா காட்டுகிறாள். ஒவ்வொன்றையும் சொன்னவர்கள் உறுதியாகவே சொன்னார்கள்.

செவ்வாய்க்கிழமை மதியம் அண்ணாவி வீட்டுக்கு வந்தார். வந்தவர் உட்காரவில்லை.

"ஏளா செல்வி, ரெண்டு விரக்கடை. அம்புட்டுதான். ஒத்திகைக்கு முந்தி, மருந்து மாதிரி. சாமியாருக்குத் தெரிய வேண்டாம். நீ சரின்னு சொன்னா அவன் குடிப்பான். நீ சொல்லாம தொட மாட்டேங்கான்."

"சேசுவுக்கா குடுக்கச் சொல்லுதீரு?"

"சேசுவா நடிக்கவனுக்குளா."

"நேர்ச்ச செஞ்சது யாரு? சேசுவா, நடிக்கவனா?"

அண்ணாவி கடல் பக்கம் பார்த்தார். "அப்ப வேசத்த மனுவேலுக்கு மாத்திருவேன். கேட்டுக் கேட்டு அவனுக்கு சேசு பாட்டும் தெரியும்."

"மனுவேலு நாப்பது நாள் குடிக்காம இருப்பானா?"

"நாலு நாள் இருக்க மாட்டான்."

"பெறவு?"

"பெறவு என்ன, பெறவு? எந் தலையெழுத்து." தோளில் கிடந்த லேஞ்சியை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். "அதுல பாரு, அந்தக் கழுதப் பாட்டு மட்டும் ஒரு எழுத்து பெசகாம பாடுதான். அதான் எனக்கு ஆத்திரமா வருது. மத்ததெல்லாம் மறந்தவனுக்கு அது மட்டும் எப்படிளா நிக்கும்?"

அவர் போன பிறகு மரியசெல்வி யோசித்துப் பார்த்தாள். வேசம் கைமாறினால் நேர்ச்சையும் கழன்றுவிடும். அம்புரோஸ் அன்று மாலையே கடைக்குப் போவான். விளக்கு வைக்கிற நேரத்துக்கு அந்த வார்த்தை வந்து சேரும். அதற்குமேல் அவள் அண்ணாவியின் கடைசிக் கேள்வியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். கழுதைப் பாட்டு ஏன் நின்றது?

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது, மனுவேலின் வயிற்றிலிருந்து. அவனுக்கு வயிற்றோட்டம் கண்டு, நாள் முழுக்க வடிகஞ்சியைத் தவிர வேறெதுவும் உள்ளே போகவில்லை. அந்த நிலையிலேயே ஒத்திகைக்கு வந்தான். சேசுவை முத்தமிட்டுக் காட்டிக்கொடுக்க, சேவகர்களைக் கூட்டிக்கொண்டு பூங்காவனத்துக்குள் நுழைகிற இடத்தில் திகைத்து நின்றான்.

"ஏலே, முத்தம் குடு!" என்றார் அண்ணாவி.

"யாருக்கு?"

"எங்க அப்பனுக்கு! சேசுவுக்குலே!"

"எந்தப் பக்கத்துக் கன்னத்துல?"

பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மரியசெல்வி சிரிக்கவில்லை. கையிலிருந்த ஊசியைத் துணியில் குத்திவிட்டு எழுந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில், பூசையில் நன்மை வாங்குவதற்காக எதுவும் உட்கொள்ளாத வெறும் வயிற்றோடு படித்த கழுதைப் பாட்டு, இப்போது வெறும் வயிற்றோடு வருகிறது. சாராயத்தோடு படித்தது சாராயத்தோடுதான் வரும். மனுவேலுக்கும் அதுதான், அம்புரோசுக்கும் அதுதான்.

இதை அவள் யாரிடம் கேட்டும் அறியவில்லை. நினைவு என்பது தலைக்குள் ஒரே இடத்தில் அடுக்கி வைத்த சாமான், வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம் என்றே நாம் எல்லோரும் நினைக்கிறோம். படித்தவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். உடம்பு எந்த நிலையில் இருந்தபோது உள்ளே போனதோ அந்த நிலை திரும்ப வந்தால்தான் சில காரியங்கள் வெளியே வரும் என்பது ஒப்புக்கொள்ளக் கடினமான சேதி. ஒப்புக்கொண்டால் 'நான்' என்று சொல்வதற்கு முன் ஒரு கணம் தயங்க வேண்டியிருக்கும்.

அவள் அன்றைக்கே அண்ணாவியிடம் போனாள். "இனிமே அவர மறந்தவருன்னு நெனைக்காதிரும். படிக்காதவருன்னு நெனையும். முதல்ல இருந்து சொல்லிக் குடுக்கணும், குப்பி இல்லாம."

"நாப்பத்திரண்டு பாட்டா? முப்பத்தஞ்சு நாள்லயா? அதுக்கு எனக்கு எங்க நேரம்? மத்தவனுக்குப் பாடம் யாரு எடுக்க?"

"நான் சொல்லிக் குடுக்கேன். நோட்டத் தாரும்."

நோட்டு என்றதும் அவர் முகம் மாறியது. இருபத்திரண்டு வருசமாக அது அவர் கையை விட்டுப் போனதில்லை. தையல் இயந்திரத்தின் பெட்டியிலிருந்து எடுத்து, இரண்டு பக்கமும் பார்த்து, கொடுத்தார். "மீன் வாட வரக் கூடாது" என்றார். சங்கு நாற்றத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

நேர்ச்சை இருக்கும்போது வீட்டுக்குள் வைத்துப் படித்தால் ஊர் சந்தேகப்படும். மூன்று மணிக்கு, கரையேற்றிப் போட்டிருந்த ஒரு பழைய வள்ளத்தின் நிழலில், ஊர் பார்க்க உட்கார்ந்தார்கள். அவள் வாசிப்பாள், அவன் திருப்பிச் சொல்லுவான். மெட்டை அண்ணாவி சாயங்காலம் ஏற்றிக்கொள்வார். ஏற்கெனவே ஒருமுறை படித்தவனாயிற்றே, சீக்கிரம் பிடித்துக்கொள்வான் என்று எதிர்பார்த்தாள். அப்படி நடக்கவில்லை. புதிதாகப் படிக்கிற எவனும் எவ்வளவு வேகத்தில் படிப்பானோ அதே வேகம்தான். நாளொன்றுக்கு ஒரு பாட்டு, சில நாள் அதுவும் இல்லை. ஆகவே நாற்பத்திரண்டில் இருபத்தாறைத் தேர்ந்து குறித்துக்கொண்டாள். பெண்கள் போகும்போதும் வரும்போதும் வாயைச் சும்மா வைத்திருக்கவில்லை.

"என்ன செல்வி, சேசுவுக்கே ஞானோபதேசமா?"

"நேத்து பாடம் ஒப்பிக்காட்டி முட்டி போட வையி!"

அம்புரோஸ் உண்மையிலேயே ஒப்பிக்கப் பயந்தான். ஒரு தாடியும் அதற்குமேல் இரண்டு மிரண்ட கண்களும். தினமும் உயிரைப் பணயம் வைத்துக் கடலடிக்குப் போகிறவன் எட்டாவது படித்த பெண்ணிடம் அடி தவறாமல் சொல்ல வேண்டுமே என்று கைகளைப் பிசைந்துகொண்டிருந்தான்.

ஐந்தாறு நாள் போயிருக்கும். கிட்டங்கியில் ஒரு பெரிய சங்கைக் குடைந்துகொண்டிருந்தபோது, செய்துகொண்டிருந்த வேலையை மரியசெல்வி நிறுத்தினாள். பக்கத்தில் அலசிக்கொண்டிருந்த இசக்கித்தாய், "கையக் கிழிச்சிட்டியாக்கா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையசைத்தாள்.

குடித்தபோது படித்த பாட்டு குடிக்காத பக்கத்துக்கு வராதென்றால் அந்த வார்த்தையும் வராது. அவன் மாதா மேல் செய்த மூன்று சத்தியமும் நிசம். காலையில் எழுந்து கஞ்சி குடிக்கிறவனுக்கு, முந்தின நாள் விளக்கு வைக்கிற நேரத்தில் குசினி வாசலில் என்ன பேசப்பட்டதென்று தெரியவே தெரியாது.

இதில் அவளுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும் என்று நினைக்கலாம். வரவில்லை. ஒன்றரை வருசமாக அவள் பொத்திக் காத்த கோபம் யார் மேலோ, அந்த ஆள் காலையில் இல்லை; இருக்கிறவன் மேல் கோபப்படக் காரணமில்லை. இது பொய்யனோடு குடித்தனம் நடத்துவதைவிடக் கடினமாக இருந்தது. பொய்யனுக்கு உண்மை தெரியும் என்ற ஒரு ஆறுதலாவது இருந்தது. இரண்டு நாள் அவள் பாடத்தை மட்டும் நடத்தினாள். மூன்றாம் நாள், பூங்காவனப் பாட்டின் நாலு அடியை அவன் பிசகாமல் ஒப்பித்த பிறகு, நோட்டை மூடினாள்.

"இன்னொன்னு இருக்கு. நோட்டுல இல்ல. சொல்லுதேன், திருப்பிச் சொல்லும்."

"சொல்லு."

"காத்துல தூக்கிட்டுப் போயி."

"காத்துல தூக்கிட்டுப் போயி."

"எம் பிள்ளயக் கொன்னவதானே நீ."

"எம் பிள்ளய..." நிறுத்தினான். "இது யாரு சொல்லுதது? யூதாசா?"

"நீரு."

அவன் விழித்தான்.

"தினமும் சொன்னீரு. விளக்கு வைக்கிற நேரத்துல, குசினி வாசல்ல இருந்துகிட்டு. கட தொறந்ததுல இருந்து விபூதிக்கு முந்தின நாள் வரைக்கும். மூணு தடவ உம்மட்ட கேட்டேன். சத்தியம் பண்ணுனீரு. பொய்யின்னு நெனைச்சேன். இப்ப நெனைக்கல. உமக்கு மறந்துபோன நாப்பது பாட்டு மாதிரி இதுவும் ஒண்ணு. அதனால இதையும் படிச்சிரும். திருப்பிச் சொல்லும்."

காற்று வள்ளத்தின் மேல் கிடந்த கிழிந்த பாயைத் தூக்கித் தூக்கிப் போட்டது. அவன் திருப்பிச் சொன்னான். முழுதாக ஒருமுறை, பாடம் ஒப்பிக்கிற அதே குரலில். சொல்லிவிட்டுக் கையை மணலில் ஊன்றிக்கொண்டான்.

"ஏளா, நான்தானே உன்னயப் போகச் சொன்னேன்."

அவள் நோட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீ வேண்டாம்னுதானே நின்ன. காத்தா இருக்கு, பிள்ளைக்கு ஆகாதுன்னு சொன்ன. தம்பி கலியாணத்துக்கு அக்கா வரலன்னா ஊரு என்ன பேசும்னு நான்தானே சத்தம் போட்டு அனுப்புனேன். விடியக் காலம், வள்ளத்துக்குப் போறதுக்கு முந்தி. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நீ பிள்ளைக்கு மஞ்ச சட்ட போட்ட."

"உமக்கு இருக்கு" என்றாள் மரியசெல்வி. "அவனுக்கு இல்ல."

அவளைக் குற்றத்திலிருந்து விடுவிக்கிற சாட்சி நாலு வருசமாகக் காலையில் இவனிடம் இருந்தது. குற்றம் சாட்டுகிறவன் மாலையில்தான் வந்தான். இருவரும் ஒரு தடவையாவது சந்தித்திருந்தால் வழக்கு அன்றைக்கே தீர்ந்திருக்கும்.

பெரிய வெள்ளியன்று நாடகம் நடந்தது. நன்றாக நடந்தது என்று சொன்னவர்கள் உண்டு. அவர்கள் முந்தின நாடகங்களைப் பார்த்திராதவர்கள். இருபத்தாறு பாட்டில் இரண்டில் அண்ணாவி பின்னாலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. பூங்காவனத்துப் பாட்டு பாதியாகக் குறைந்திருந்தது. மனுவேல் வயிறு நிறையச் சாராயத்தோடு வந்து, ஒரு சொல் தவறாமல் காட்டிக்கொடுத்தான். அம்புரோசின் மூச்சு மட்டும் அண்ணாவி எதிர்பார்த்தபடியே நீளமாக இருந்தது. "பரவால்ல" என்றார் அவர், நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு. அதைத் திறந்து முகர்ந்தும் பார்த்தார்.

உயிர்ப்பு ஞாயிறு முடிந்த திங்கட்கிழமை அம்புரோஸ் கடைக்குப் போவான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். போகவில்லை. தாடியை மழித்தான், பாயை வீட்டுக்குக் கொண்டுவந்தான். பன்னிரண்டு நாள் அப்படியே இருந்தான். பதின்மூன்றாம் நாள் வள்ளத்துக்காரர் மகனுக்குப் புதுநன்மை, முதல்முதலாக நன்மை வாங்குகிற விழா. விருந்தில் மனுவேல் கோப்பையைக் கையில் திணித்தான்.

விளக்கு வைத்து முடித்தபோது தெருமுனையில் பாட்டுக் கேட்டது. பூங்காவனத்துப் பாட்டு, முழுப் பாட்டு. மரியசெல்வி தேர்ந்து குறைத்த அடிகள் அல்ல. சனவரி மாதம் அண்ணாவி சொல்லிக்கொடுத்தபடியே, ஓர் அடி விடாமல். நாடகத்தன்று இப்படிப் பாடியிருந்தால் ஊர் அழுதிருக்கும். பாடிக்கொண்டே வந்து குசினி வாசலில் உட்கார்ந்தான். பாட்டு முடிந்தது.

"காத்துல தூக்கிட்டுப் போயி எம் பிள்ளயக் கொன்னவதானே நீ" என்றான்.

அவள் சோற்றுப் பானையிலிருந்து கையை எடுத்தாள். அவன் எதிரில் வந்து குத்தவைத்து உட்கார்ந்தாள். "என்னயப் போகச் சொன்னது யாரு?"

அவன் அவளைப் பார்த்தான். அந்தக் கண்ணில் களவு ஏதும் இருக்கிறதா என்று அவள் கூர்ந்து பார்த்தாள். இல்லை. உண்மையிலேயே தேடினான்.

"யாரு?" என்று கேட்டான்.

அவள் சோறு போட்டாள்.

மறுநாள் விடியக்காலம் அவன் தகடுகளுக்குக் கயிறு மாற்றிக்கொண்டிருந்தான். அவள் கஞ்சியைக் கொண்டுவந்து வைத்ததும், நிமிராமல் கேட்டான்.

"நேத்து சொன்னேனா?"

"சொன்னீரு."

"அதேதானா?"

"ஒரு எழுத்து பெசகல."

"நான்தான் போகச் சொன்னேன்னு நீ சொல்லலயா?"

"கேட்டேன். உமக்குத் தெரியல. யாருன்னு என்கிட்டயே கேட்டீரு."

கயிற்றை இரண்டு முறை முடிச்சுப் போட்டு அவிழ்த்தான். "நீ எனக்குப் படிச்சிக் குடுத்தது மாதிரி அவனுக்குப் படிச்சிக் குடுக்க முடியாதாளா?"

"அதுக்கு நீரு தினமும் குடிக்கணும்."

அவன் யோசித்தான். அது வேடிக்கைக் கேள்வியாக அவனுக்குப் படவில்லை, அவளுக்கும் படவில்லை. "அப்ப அவன் வராமப் பாத்துக்கிடத்தான் முடியும்" என்றான். கஞ்சியைக் குடித்துவிட்டுப் போனான்.

அன்று இரண்டு மணிக்கு, சாப்பாட்டு நேரத்தில், மரியசெல்வி கிட்டங்கியிலிருந்து எழுந்து கையைக் கழுவினாள். வள்ளத்துறையிலிருந்து வீட்டுக்குக் கடைப் பக்கம் போகாமல் கோயிலைச் சுற்றிக்கொண்டும் வரலாம், கொஞ்சம் தூரம் அதிகம். இசக்கித்தாய் விடவில்லை.

"என்னக்கா, புருசனக் கையப் பிடிச்சிக் கூட்டியாரப் போறியா? தொலஞ்சிருவாராக்கும்!"

"ஆமா" என்றாள் மரியசெல்வி. "வழியில ஒருத்தன் நிக்கான்."

எல்லா நாளும் அது பலித்தது என்று சொன்னால் பொய்யாகும். மறுபடி மதுவிலக்கு வந்து அடுத்த வருசம் செப்டம்பரில் கடையை மூடுவதற்குள் அம்புரோஸ் பத்துப் பன்னிரண்டு முறை குடித்தான். மூடிய பிறகும் உடைமரக் காட்டுக்கு ஒன்றிரண்டு முறை போனான். வந்த நாளெல்லாம் அந்த வார்த்தையைச் சொன்னான். அவள் பதில் சொல்லவில்லை, அழவுமில்லை. சொல்கிறவனுக்குத் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும். மறுநாள் காலையில் கஞ்சியைக் கையில் வாங்குமுன் அவனே கேட்டான், சொன்னேனா என்று. அவள் உள்ளதைச் சொன்னாள். நானா என்று அவன் அதன் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை.